கழட்டத் தெரியாத பெட்டி

போன வாரம் கிணற்றடியில் விழுந்து கிடந்தவரை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பயப்பட வேண்டாம், பிழைத்துக்கொண்டார். பிழைத்தது மட்டுமா, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி நடந்தே வீடு வந்து சேர்ந்துவிட்டார். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அவரைத் தெருவில் எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் அவர் திருப்புளி செருகியிருப்பார். பல வருடம் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். ஒரு நாள் புதிதாக வந்த இயந்திரத்துக்குள் கூட வேலை செய்த நண்பரின் கை மாட்டிக்கொண்டது. மூடியைத் திறந்தால் கையை எடுத்துவிடலாம். மூடியில் பூட்டு. சாவி, இயந்திரத்தை விற்ற கம்பெனிக்காரனிடம். அவன் வேறு ஊரில். அவன் வந்து திறப்பதற்குள் நண்பரின் விரல்கள் போய்விட்டன.

மறுநாளே வேலையை விட்டார். ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் வாங்கினார். சுற்றிக் கம்பி வேலி போட்டார். கேட்டில் தன் கையாலேயே ஒரு பலகை எழுதி மாட்டினார்: 'கழட்டத் தெரியாத சாமான் உள்ளே வரக் கூடாது.'

அவரை இயந்திரத்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு ஏக்கருக்குள் காற்றாடி சுற்றுகிறது, பம்பு ஓடுகிறது, தானியம் அரைபடுகிறது, எண்ணெய் ஆட்டப்படுகிறது. எல்லாம் அவர் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியவை. சாப்பிடுவது அத்தனையும் அந்த மண்ணில் விளைவது. கைபேசி மட்டும் கேட்டுக்கு வெளியே தகர டப்பாவில் கிடக்கும், யாருடையதாக இருந்தாலும்.

இப்போது அவருடைய இதயம் மக்கர் செய்கிறது. துடித்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று நின்று யோசிக்கிறது. நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஒரு நாள் யோசித்தது யோசித்தபடியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதைக் கழட்ட முடியுமா?" என்று கேட்டார் திருப்புளி.

"எதுக்குக் கழட்டணும்?" என்று டாக்டர் கேட்டார். அன்றைக்கு இறங்கி நடந்தவர்தான்.

அவருடைய மனைவியை அக்கம்பக்கத்தில் விதையம்மா என்பார்கள். ஒவ்வொரு விளைச்சலிலும் நல்லதாகப் பார்த்து எடுத்து, காயவைத்து, சாம்பல் கலந்து பானையில் அடைத்து, கேட்பவர்களுக்கெல்லாம் ஒரு பிடி கொடுப்பவள். பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயர் இன்றைக்குச் சாயங்காலத்தோடு போகப்போகிறது.

காலையில் அவர் பட்டறைக் கொட்டகையில் ஒரு கலப்பை முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விதையம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது. வழவழவென்று, ஓரமெல்லாம் உருண்டையாக ஒரு உலோகப் பெட்டி.

"இது எங்க கிடைச்சுது?"

"நர்ஸம்மாகிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு வச்சிருக்காங்களாம். இதத்தாங்க உள்ள வைக்கறாங்க. பாத்துக் கழட்டுங்க, திருப்பிக் குடுக்கணும்."

அவள் போட்ட கணக்கு சுலபமானது. ஒரு தடவை கழட்டிப் பார்த்துவிட்டால் அது கழட்டத் தெரிந்த சாமான் ஆகிவிடும். அவர் போட்ட சட்டப்படியே அது உள்ளே வரலாம், அவர் நெஞ்சுக்குள்ளும் போகலாம். இத்தனை வருடம் அவரோடு குடும்பம் நடத்தியதில் கற்றுக்கொண்ட சூட்சுமம்.

அவர் பெட்டியைக் கையில் எடுத்தார். முகம் மாறிவிட்டது. நேற்றுவரை சோர்ந்து கிடந்த கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டினார், விளிம்பை நகத்தால் கீறினார்.

"ஒரு ஸ்க்ரூகூட இல்ல. சுத்தி ஒட்டி மூடியிருக்கான்."

"உங்களால முடியாததா?"

அந்த ஒரு வார்த்தை போதுமே. பெட்டியை மேஜையில் பொருத்தியிருந்த வைஸில் இறுக்கினார். ஆக்ஸா பிளேடை எடுத்து அறுக்க ஆரம்பித்தார். அவசரமில்லாமல், ஒரு கோடு போட்டமாதிரி அறுத்தார். அவள் பக்கத்திலேயே நின்றாள். அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் அவளுக்கும் வாங்கியது.

பெட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அவர் ஒரு பாதியைக் கவிழ்த்துத் தட்டினார். இன்னொரு பாதியையும் தட்டினார். கம்பி இல்லை, பேட்டரி இல்லை, ஒரு தூசிகூட விழவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"வெறும் டப்பாடி இது. இதைக் காட்டித்தான் நெஞ்சைத் திறக்கச் சொல்றான்."

"அது காட்டறதுக்கு வச்சிருக்கற பொம்மையா இருக்கும். நெஜமா வைக்கறது வேறங்க."

"அதைக் கொண்டா, கழட்டிப் பாக்கறேன்."

"அதைக் கழட்டிட்டா அப்புறம் உங்களுக்கு எப்படி வைக்கறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

விதையம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. நர்ஸம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பது ஒரு பக்கம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ஆத்திரம் இன்னொரு பக்கம். அவர் அந்த இரண்டு பாதிகளையும் ஆணிகள் போட்டு வைக்கும் தட்டாக்கிவிட்டார். ஒன்றில் பெரிய ஆணி, ஒன்றில் சின்ன ஆணி.

வெயில் ஏறும் நேரத்துக்குக் கேட்டுக்கு வெளியே வண்டி வந்து நின்றது. சின்னவன்.

மகன்தான், ஆனால் இரண்டு வருடமாக வேலிக்குள் காலெடுத்து வைக்காத மகன். மண்ணின் ஈரத்தை அளந்து தானே தண்ணீர் பாய்ச்சும் கருவி செய்கிற கம்பெனியில் வேலை. முதல் கருவியை ஆசையாசையாக அப்பாவுக்குக் கொண்டுவந்தான். அவர் அதைக் கேட்டுக்கு வெளியிலேயே ஒரு கம்பத்தில் நட்டுவிட்டார். அன்றிலிருந்து அது தெருப் புழுதியின் ஈரத்தை அளந்துகொண்டிருக்கிறது. அவனும் அன்றிலிருந்து வெளியிலேயே நிற்கிறான்.

"அப்பா, கட்டில் சொல்லி வச்சுட்டேன். டாக்டர் காத்துக்கிட்டிருக்கார். கிளம்புங்க."

திருப்புளி கேட்டுக்கு உள்ளே நின்றார். "அந்தப் பெட்டி நின்னு போச்சுன்னா யார் திறப்பா?"

"நிக்காதுப்பா."

"நிக்காத மெஷின் ஒண்ணு காட்டு."

"ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க. அது தானாவே அங்க தகவல் அனுப்பும்."

இதை அவன் சொல்லியிருக்க வேண்டாம். நல்லது என்று நினைத்துச் சொன்னான்.

"தகவல் வேற அனுப்புமா? என் நெஞ்சுக்குள்ள உக்காந்துக்கிட்டு, என்னைக் கேக்காம, எவன்கிட்டயோ பேசிக்கிட்டிருக்கும். சாவி அவன்கிட்ட. நான் கை மாட்டிக்கிட்டு நிக்கணும்."

"அன்னிக்கு மாட்டினது கை. இது உயிருப்பா."

"அதனாலதான்டா சொல்றேன்."

சின்னவன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "உங்க சட்டம் ஜெயிக்கணும். ஆள் போனாலும் பரவாயில்ல. அப்படித்தானே?"

பூசணிக் கொடிகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மூத்த மகள் பெரியவள் களைக்கொத்தோடு வந்தாள். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று இந்த மண்ணையே கட்டிக்கொண்டவள், அப்பாவின் வலது கை. இவளாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று விதையம்மா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அவர் உடம்பு. அவர்தான் முடிவு பண்ணணும்," என்றாள் பெரியவள்.

"நீயுமாடி?"

"நான் என்னம்மா பண்ணட்டும்? இழுத்துக்கிட்டா போக முடியும்? இத்தனை வருஷம் எனக்குச் சொல்லிக்குடுத்ததை இன்னிக்கு அவரே எப்படி மாத்துவாரு?"

ஒருவன் வெளியே நின்று கத்துகிறான், ஒருத்தி உள்ளே நின்று தலையாட்டுகிறாள். இரண்டு பேரும் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார்களாம். பலகையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். மக்காச்சோளம் ஈரமாக இருக்கிறது, இன்னும் காய வேண்டும் என்று அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "நாளைக்கு அந்த மேட்டுல..." என்றவர் நின்றுவிட்டார். கை தட்டின்மேல் அப்படியே இருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் ஆள் அங்கே இல்லை. உதடு சாம்பல் பூத்தது. விதையம்மா பாதி எழுந்துவிட்டாள்.

"...பரப்பிப் போடலாம்," என்றார் அவர், எங்கேயும் போகாதவரைப்போல. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். தட்டைக் கழுவினாள். அடுப்பை அணைத்தாள். விதைப் பானைகளின் மூடிகளை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு பால் கறக்கும்போது உட்காரும் முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு, நேராக நடந்து, கேட்டைத் திறந்து, வெளியே போய், சாத்திவிட்டு, தெருவோரம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வண்டிக்குள் கண்ணயர்ந்திருந்த சின்னவன் பதறி இறங்கினான். "என்னம்மா?"

"காத்து வாங்கறேன். நீ தூங்கு."

கொஞ்ச நேரத்தில் அவர் கேட்டுக்கு வந்தார். "வெயில்ல அங்க என்ன பண்ற?"

"இனிமே நான் உள்ள வர்றதா இல்ல."

"ஏன்?"

"நீங்க எழுதி மாட்டியிருக்கீங்களே, அதான். கழட்டத் தெரியாத சாமான் உள்ள வரக் கூடாதுன்னு. என்னைக் கழட்டிப் பாத்துட்டா உள்ள விட்டீங்க? எனக்குள்ள என்ன ஓடுதுன்னு உங்களுக்கு எப்பவாச்சும் தெரிஞ்சிருக்கா?"

"பைத்தியக்காரத்தனமாப் பேசாத. நீ சாமானா?"

"அப்ப அந்தப் பெட்டிய வச்சுக்கிட்டா நீங்க சாமான் ஆயிடுவீங்களா?"

அவர் கேட்டை ஏறிட்டுப் பார்த்தார். பலகையைப் பார்க்க முடியாது, அது கேட்டின் வெளிப்பக்கம் அவளைப் பார்த்து மாட்டியிருந்தது. எழுதியது ஒருவர், தினமும் படிப்பது வெளியே நிற்பவர்கள்.

அவருக்கு உள்ளூர என்ன பயம் என்று அவளுக்கு இப்போதுதான் பிடிபட்டது. சாவுக்குப் பயப்படவில்லை அந்த மனுஷன். திறக்க முடியாத ஒன்றை நெஞ்சில் சுமந்துகொண்டு, தான் போட்ட வேலிக்குள் தானே திருட்டுச் சாமான்போல நுழைய வேண்டிவருமே என்றுதான் பயம். அது தெரிந்ததும் அவள் மனசு இளகியது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வெயில் தாழ்ந்ததும் வந்துடுவே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் தாழ்ந்தது. அவள் வரவில்லை. மாடு கத்த ஆரம்பித்தது.

அந்த வீட்டு மாடு விதையம்மாவின் கைக்கு மட்டும்தான் பால் விடும். வேறு யார் தொட்டாலும் காலைத் தூக்கிவிடும். பெரியவள் ஆசைகாட்டித் தீனி வைத்துப் பார்த்தாள், அம்மாவின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். மாடு ஏமாறவில்லை. பாத்திரம் ஒரு பக்கம், பெரியவள் ஒரு பக்கம். அப்புறம் திருப்புளியே போனார். காற்றாடியைக் கழட்டி மாட்டுகிறவர், பம்பைப் பிரித்துக் கோர்க்கிறவர், ஒரு மாட்டின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

மடி கனத்து மாடு அலறியது. அது கன்றாக இருந்தபோது புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் விதையம்மா. முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை.

"அம்மா, பாவம்மா அது," என்றான் சின்னவன்.

"தெரியும்டா. வாய மூடிக்கிட்டு இரு."

பெரியவள் ஓடிவந்தாள். தலையெல்லாம் வைக்கோல். "அம்மா, இது அநியாயம். மாடு என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. நானும் பண்ணல. போய் உங்கப்பாகிட்ட கேளு. அவர் உடம்பு அவர் முடிவாம். என் கை என் முடிவு. நீதானே சொல்லிக்குடுத்தே."

பெரியவள் திரும்பிக் கொட்டகைக்குப் போனாள். அங்கே அவள் அப்பாவிடம் என்ன பேசினாள் என்று தெரியாது. நீண்ட நேரம் பேசினாள். ஒரு கட்டத்தில் அவள் அழுகிற சத்தம் வெளியே கேட்டது. அப்பாவுக்கு முன்னால் அழாத பெண்.

அவர் வந்தார். பெரியவளின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், வழியில் சாய்ந்திருந்த ஒரு தக்காளிச் செடியை நிமிர்த்திவிட்டு வந்தார். கேட்டுக்கு உள்ளே நின்றார்.

"மாடு கத்துது."

"கேக்குது."

"வந்து கற."

"நீங்க வெளிய வாங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். இந்தப் பக்கம் ஒரு பிடிவாதம், அந்தப் பக்கம் அதைவிடப் பெரிய பிடிவாதம், நடுவில் ஒரு கம்பிக் கேட். மாடு இன்னொரு தடவை அலறியது.

"இது மிரட்டல்," என்றார்.

"ஆமா."

அவர் கேட்டைத் திறந்தார். அவர் வெளியே வந்த அதே நொடியில் அவள் முக்காலியோடு எழுந்து உள்ளே ஓடினாள். கேட்டில் இரண்டு பேரும் உரசிக்கொண்டுதான் போனார்கள்.

அவள் கறந்து முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தபோது வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார், விறைப்பாக, சாட்சிக் கூண்டில் நிற்பவர்போல. முன்சீட்டில் சின்னவன் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தான்.

"என்னடா?"

"அப்பாவே சொல்லட்டும்."

"ஆஸ்பத்திரிக்கு வர்றேன். கட்டில்ல படுக்கறேன்," என்றார் திருப்புளி. "ஆனா என் நெஞ்சுல கை வைக்கறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியோட வரைபடம் என் கைக்கு வரணும். எந்தக் கம்பி எங்க போகுது, பேட்டரி எவ்வளவு, நின்னா எப்படி ஓட வைக்கறது, எல்லாம். காட்டறதுக்கு வச்சிருக்கற டப்பா வேணாம். படிச்சுப் பாத்துட்டுத்தான் சம்மதம் சொல்லுவேன். அதுவரைக்கும் எவனும் என்னைத் தொடக் கூடாது."

"எந்தக் கம்பெனியும் தராதும்மா," என்றான் சின்னவன்.

"நீ கேட்டுப் பாத்தியாடா?" என்றார் அப்பா.

சின்னவன் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "நாங்களே தர்றதில்லப்பா. விவசாயிங்க கேட்டு எழுதறாங்க. கருவி நின்னு போச்சு, திறக்கறது எப்படின்னு சொல்லுங்கன்னு. தரக் கூடாதுன்னு பதில் எழுதறதே நான்தான்."

இரண்டு வருடத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான். திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை.

"அப்ப உனக்குத் தெரியும், எப்படிக் கேட்டா அவனுக்குக் குடைச்சலா இருக்கும்னு. அந்த மாதிரி கேளு."

பெரியவள் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விதையம்மா வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கையில் இன்னும் பால் வாசனை இருந்தது.

"நானும் டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டு வச்சிருக்கேங்க," என்றாள் நிதானமாக. "நீங்க நெனவோட இருக்கற வரைக்கும் உங்க சம்மதம் இல்லாம தொடமாட்டாங்களாம். நெனவு தப்பிப்போச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்களாம்."

அவர் மெல்லத் திரும்பினார். "அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. வரைபடம் வரட்டும், நல்லாப் படிங்க. ஆனா நடுவுல மயங்கினீங்கன்னா நான் வரைபடத்துக்கெல்லாம் காத்துக்கிட்டு நிக்கமாட்டேன்."

"நான் மயங்கமாட்டேன்."

"மத்தியானம் மக்காச்சோளத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்களே, நடுவுல எங்க போயிட்டு வந்தீங்கன்னு தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டார், இமைத்தால்கூட அதை மயக்கம் என்று சொல்லி இவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்பதுபோல.

சின்னவன் வண்டியைக் கிளப்பினான். கம்பி வேலி பின்னால் போனது. விதையம்மா அவர் மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்து, நாடிமேல் விரலை அழுத்தினாள்.

"எண்ணாத," என்றார் அவர்.

"எண்ணத்தான் போறேன்," என்றாள்.